வாசற்படியைத் தாண்டும் குரல்



கம்பியில்லாத் தொலைபேசி என்னும் ஒரே பெயரை இருவேறு கருவிகளுக்கு நாம் வழங்கிவிடுகிறோம். ஒன்று, கூடத்து மேசையில் அமர்ந்திருக்கும் தாய்க்கருவியிலிருந்து எடுத்துக்கொண்டு அடுக்களைக்கும் மாடிக்கும் போகக்கூடிய ‘கார்ட்லெஸ்’ தொலைபேசி. மற்றொன்று, உங்களுள் பெரும்பாலோர் சட்டைப்பையில் இருக்கும் செல்பேசி. இரண்டும் வானொலி அலைகளால் பேசுபவையே. ஆயினும் பிறப்பும் வளர்ப்பும் வேறு. முன்னதில் அறுக்கப்பட்டது, கைக்கருவிக்கும் தாய்க்கருவிக்கும் இடையே தொங்கிய சுருள் கம்பி மட்டுமே. தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் கம்பி இருந்தவாறே இருந்தது. பின்னதிலோ வீடு என்பதே கணக்கில் இல்லை. ஊர் முழுவதும் அதற்கு வீடு. ஒன்று வீட்டுப் பிள்ளை, மற்றது ஊர்ப் பிள்ளை எனலாம். இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டுமென்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பல நாட்டுப் பொறியியலார் முயன்றனர். அம்முயற்சியில் பெருந்தொல்லை தந்த இடம் எது என்று கேட்டால், வாசற்படி என்றே சொல்வேன். பேசிக்கொண்டே ஒருவர் வாசற்படியைத் தாண்டும் அந்த ஒரு நொடியை ஒழுங்குபடுத்தத்தான் அத்தனை பாடு.

முதலில் வீட்டுப் பிள்ளையைப் பார்ப்போம். நம் நாட்டில் 1990-களில் மிகுதியாகப் புழங்கிய கார்ட்லெஸ் கருவிகள் 46, 49 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்களை ஒட்டிப் பேசியவை. குரலை அப்படியே அலைமேல் ஏற்றி அனுப்பும் பழைய முறை அவற்றுக்கு உரியது. மறைப்பு ஏதும் இல்லை. நான் பணியாற்றிய பள்ளிக்கு முன்னாள் மாணவர் ஒருவர் அத்தகைய கருவியொன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். எதிர்த்தெருவில் இருந்த அரிசி ஆலைக்காரரும் அதே வகைக் கருவி வைத்திருந்தார். நாங்கள் பேச எடுத்தால் சில நாள் நெல் விலை காதில் விழும். எங்கள் ஆசிரியர் மாறுதல் செய்திகளெல்லாம் அவருக்கு அத்துப்படி என்பது பின்னர்த்தான் தெரிய வந்தது. நல்ல மனிதர், ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

இக்குறையை நீக்க ஐரோப்பியர் 1992-இல் ‘டெக்ட்’ என்னும் பொதுத் தரத்தை வகுத்தனர். இதில் குரல் எண்களாக மாற்றப்பட்டு, 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில் பத்து அலைவழிகளில் செல்கிறது. ஒரு நொடியை நூறு கூறாக்கி, ஒவ்வொரு கூற்றையும் 24 சிறு வேளைகளாகப் பகுத்திருக்கிறார்கள். 12 வேளைகள் தாய்க்கருவி பேசுவதற்கு. 12 வேளைகள் கைக்கருவிகள் விடையிறுப்பதற்கு. பத்தைப் பன்னிரண்டால் பெருக்க 120 வழிகள் கிடைக்கின்றன. இவற்றுள் எவ்வழியைக் கொள்வது என்று யார் முடிவு செய்வது? இங்கேதான் டெக்டின் அழகு இருக்கிறது. கைக்கருவி தனக்குரிய வேளையில் மட்டும் வாய் திறக்கிறது. எஞ்சிய வேளைகளில் செவி சாய்த்து எவ்வழி அமைதியாக இருக்கிறதென்று பார்த்துக்கொள்கிறது. அமைதியானதைத் தானே தேர்ந்துகொள்கிறது. மேலதிகாரி யாரும் இல்லை. பள்ளி இடைவேளையில் குழாயடிக்கு ஓடிவரும் சிறுவர்கள், கூட்டம் குறைந்த குழாயைத் தாமே கண்டு நிற்பதைப் போன்றது இது. அலுவலகம் போன்ற பெரிய கட்டடத்தில் பல தாய்க்கருவிகள் இருந்தால், கைக்கருவி புதியதன் கையைப் பற்றிக்கொண்ட பிறகே பழையதன் கையை விடும். பேச்சில் விரிசல் விழாது. அது செலவிடும் சராசரி ஆற்றல் 10 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு.

ஊர்ப் பிள்ளையின் கதை இதற்கும் மூத்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் ரிங் என்பார் 1947-இல் ஒரு குறிப்பு எழுதினார். நகர் முழுமைக்கும் ஒரே பெரிய அலைபரப்பியை நிறுத்துவதைவிட, நகரைத் தேனடைபோல் சிறு சிறு அறைகளாகப் பிரித்து, அறைக்கொரு சிறு நிலையம் வைத்தால், ஓர் அறையில் பயன்படுத்திய அதிர்வெண்ணைச் சற்றுத் தள்ளியுள்ள மற்றோர் அறையில் மீண்டும் பயன்படுத்தலாம் என்பது அவர் கருத்து. அறையைக் குறிக்கும் சொல்லே ‘செல்’. அதனால் வந்ததே செல்பேசி என்னும் பெயர். அன்று அதைச் செய்துகாட்டக் கருவி இல்லை. கணிப்பொறியும் நுண்சில்லும் வந்த பிறகே அது கைகூடியது. ஐரோப்பியரின் எண்முறைச் செல்பேசியாகிய ஜி.எஸ்.எம். 1991-ஆம் ஆண்டு ஜூலை 1-இல் பின்லாந்தில் தொடங்கியது. நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-இல், மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியிலிருந்த மத்தியத் தகவல்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே முதற் பேச்சு.

செல்பேசியின் ஆட்சிமுறை கார்ட்லெஸ்ஸின் ஆட்சிமுறைக்கு நேர்மாறானது. ஜி.எஸ்.எம். கருவி பேச்சினூடே அண்டை அறைகளுள் வலுவாகக் கேட்கும் ஆறினை அளந்து, ஏறத்தாழ அரை நொடிக்கொரு முறை வலையமைப்புக்கு அறிக்கை அனுப்புகிறது. அவ்வளவே அதன் உரிமை. இன்ன அறைக்கு மாறு என்று ஆணையிடுவது வலையமைப்பு. வகுப்புத் தலைவன் வருகைக் குறிப்புத் தரலாம். பிரிவு மாற்றும் உரிமை அலுவலகத்துக்கே அன்றோ? மேலும், ஜி.எஸ்.எம். கருவி பழைய அறையின் கையை விட்டுவிட்டே புதியதைப் பற்றுகிறது. இடையே நேரும் இடைவெளி மிகச் சிறியதாதலின் காது அதைப் பொருட்படுத்துவதில்லை. இவற்றோடு, செல்பேசி வலையமைப்பில் இருப்பிடப் பதிவேடு ஒன்று உண்டு. நீங்கள் எந்த வட்டாரத்தில் உலவுகிறீர்கள் என்பது அதில் எப்போதும் குறிக்கப்பட்டிருக்கும். உங்களைத் தேடி வரும் அழைப்பு அப்பதிவேட்டைப் பார்த்தே உங்களை வந்தடைகிறது. வீட்டுக் கருவிக்கு இத்தகைய பதிவேடு வேண்டியதில்லை. அது எங்கே இருக்கப் போகிறது, வீட்டில்தானே!

நிற்க. இரண்டும் தத்தம் இடத்தில் நன்றாக இருக்க, ஒன்றாக்குவானேன் என்று நீங்கள் கேட்கலாம். முதற்காரணம் காசு. தொடக்க நாளில் செல்பேசிக் கட்டணம் மிகக் கடுமையாக இருந்தது. நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டு வரை, வரும் அழைப்புக்கும் பெறுபவரே பணம் கட்ட வேண்டியிருந்தது. வீட்டிலிருக்கும்போது மலிவான கம்பி வழியிலும், வெளியே போனால் மட்டும் கோபுர வழியிலும் பேசினால் என்ன என்ற எண்ணம் எல்லா நாட்டிலும் எழுந்தது.

காசைவிட வலுவான காரணம் சுவர். வெளியிலிருந்து வரும் அலை, கனத்த சுவரைக் கடக்கையில் பத்தில் ஒரு பங்காகக் குறையக்கூடும். அடுத்த சுவரையும் கடந்தால் நூறில் ஒரு பங்கு. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பழைய வீடுகளின் ஒன்றரை முழச் சுவரும், இக்காலக் கம்பி கட்டிய கான்கிரீட்டும் இவ்வகையில் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல. செல்பேசி ஒலித்ததும் மொட்டைமாடிக்கு ஓடும் குடும்பங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இளைஞர் ஓடலாம். நள்ளிரவில் நெஞ்சுவலி கண்டு உள்ளறையில் படுத்திருக்கும் மூதாட்டி மாடிப்படி ஏறிப்போய் மருத்துவ வண்டியை அழைக்க முடியுமா? வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு நிலையம் இருந்து, பத்து மில்லிவாட்டில் அவர் குரலை வாங்கிக்கொள்ளுமானால், வெளியே இருக்கும் கோபுரத்தோடு சுவர் வழியே போராட வேண்டியதில்லை.

முதல் முயற்சி வீட்டுப் பிள்ளையைத் தெருவுக்கு அனுப்பிப் பார்ப்பது. பிரிட்டனில் ‘ராபிட்’, அதாவது முயல், என்னும் பெயரில் ஒரு சேவை 1992-இல் தொடங்கியது. கார்ட்லெஸ் கைக்கருவியை வீட்டில் தன் தாய்க்கருவியோடும், வெளியில் கடைவாசல், புகைவண்டி நிலையம் முதலிய இடங்களில் பொருத்திய பொதுக் கருவிகளோடும் பயன்படுத்தலாம். அப்பொதுக் கருவியிலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டருக்குள் நிற்க வேண்டும். நின்றால் நீங்கள் பிறரை அழைக்கலாம். பிறர் உங்களை அழைக்க இயலாது. காரணம் வெளிப்படை: நீங்கள் எந்தக் கடைவாசலில் நிற்கிறீர்கள் என்று சொல்லும் பதிவேடு அதற்கு இல்லை. நடந்துகொண்டே பேசினால், நூறு மீட்டர் தாண்டியதும் பேச்சு அறுந்துபோகும். 1993 இறுதிக்குள் முயல் ஓட்டத்தை நிறுத்திவிட்டது. எண்ணம் கெட்டிக்காரத்தனமானதே, ஆனால் வாசற்படியைப் பற்றி அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஜப்பானியர் அதைக் கண்டு பாடம் கற்றிருக்க வேண்டும். 1995 ஜூலையில் அவர்கள் தொடங்கிய பி.எச்.எஸ். என்னும் முறை, கார்ட்லெஸ்ஸின் சிறு ஆற்றலையும் செல்பேசியின் பதிவேட்டையும் சேர்த்துப் பிசைந்தது. தெருக்கம்பங்களிலும் தொலைபேசிக் கூண்டுகளிலும் சிறு நிலையங்களை நெருக்கமாக வைத்தார்கள். அதே கைக்கருவி வீட்டில் வீட்டுத் தாய்க்கருவிக்குப் பிள்ளையாக இருந்தது. வெளியே வந்தால் தெரு நிலையத்துக்குப் பிள்ளையாயிற்று. அழைப்புகளைப் பெறவும் முடிந்தது. 1997-இல் அங்கே அதன் சந்தாதாரர் ஏறத்தாழ 70 இலட்சம் பேர். பின்னர்ச் சீனத்தில் இதே முறை 9 கோடிக்கும் மேற்பட்டோரிடம் பரவியது. குறை என்னவென்றால், அறைகள் மிகச் சிறியவை. நடப்பவருக்கு அவை போதும்; விரையும் வண்டியில் இருப்பவர் ஓர் அறைக்குள் நுழைந்து நிலைகொள்ளுமுன் அடுத்த அறை வந்துவிடும். பேச்சு தடுமாறும். ஜப்பானில் பொதுமக்களுக்கான அச்சேவை 2021-இல் முடிந்தது.

நம் நாட்டில், நம் சென்னையில், கார்ட்லெஸ்ஸுக்கு வேறொரு வேலை கொடுத்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் உடனிருந்தோரும் 1990-களில் டெக்டை அடிப்படையாகக் கொண்டு ‘கார்டெக்ட்’ என்னும் முறையை உருவாக்கினர். தொலைபேசி இணைப்பில் பெருஞ்செலவு பிடிப்பது, இணைப்பகத்திலிருந்து வீடுவரை மண்ணில் புதைக்கும் செம்புக் கம்பி. அந்தக் கடைசித் துண்டுக் கம்பிக்குப் பதிலாக டெக்ட் அலையைப் பயன்படுத்தினால் என்ன என்பது அவர்கள் கேள்வி. வீட்டுக்குள் உலவப் பிறந்த அலை, தடையின்றிப் பார்வை செல்லுமிடத்தில் 10 கிலோமீட்டர் சென்றது. இடையில் அஞ்சல் நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர். பேச்சும் இணையமும் ஒருங்கே கிடைத்தன. மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் இதைக்கொண்டு நடத்தப்பட்டன. இதில் வாசற்படிச் சிக்கல் எழவில்லை; சுவரில் பொருத்திய கருவி நடப்பதில்லை அல்லவா?

ஆனால் நடக்கவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நம் நாடு பார்த்தது. இது பொறியியலைவிடச் சட்டம் சார்ந்த கதை. கம்பிக்குப் பதில் அலை கொண்டு வீட்டுத் தொலைபேசி தரும் நிறுவனங்கள், சந்தாதாரர் தம் குறுந்தொலைவுக் கட்டண வட்டத்துக்குள் கருவியை எடுத்துக்கொண்டு உலவலாம் என்று 2001-இல் அரசு அனுமதித்தது. பெருந்தொகை கொடுத்து உரிமம் பெற்றிருந்த செல்பேசி நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. உலவும் வீட்டுத் தொலைபேசி வீட்டுத் தொலைபேசியா, செல்பேசியா என்னும் வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. 2003 நவம்பரில் இருவகைக்கும் ஒரே உரிமம் என்று அரசு வகுத்த பிறகே பூசல் தணிந்தது. இரு தொழில்நுட்பங்களை இணைக்கப் புகுவோர், அவற்றுக்குப் பின்னால் நிற்கும் இருவேறு கணக்குப் புத்தகங்களையும் இணைத்தாக வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மறுபடியும் பிரிட்டன் செல்வோம். அங்கே 1999-இல் ‘ஒன்ஃபோன்’ என்று ஒரு சேவை வந்தது. ஒரே கைக்கருவிக்குள் டெக்ட், ஜி.எஸ்.எம். இரண்டையும் அடைத்தார்கள். அடைத்தார்களே ஒழிய இணைக்கவில்லை. டெக்ட் குரலை நொடிக்கு 32,000 துண்டுகளாக அனுப்புவது, ஜி.எஸ்.எம். 13,000 துண்டுகளாகச் சுருக்கி அனுப்புவது. ஒன்றின் கடிகாரம் மற்றதற்கு ஒவ்வாது. ஒன்றில் கருவி ஆள்கிறது, மற்றதில் வலையமைப்பு ஆள்கிறது. ஆகவே வீட்டில் தொடங்கிய பேச்சை வீட்டிலேயே முடித்துவிட்டு வெளியே போய் மறுபடியும் அழைக்க வேண்டும். ஒரு கூரையின் கீழ் இரு குடும்பம் தனித்தனி அடுப்பு வைத்துச் சமைத்தாற்போன்ற ஏற்பாடு. அது நிலைக்கவில்லை.

முடிச்சை அவிழ்த்தது, செப்டம்பர் 2004-இல் சில நிறுவனங்கள் கூடி வெளியிட்ட யு.எம்.ஏ. என்னும் விதித்தொகுப்பு. அடுத்த ஆண்டே உலகச் செல்பேசித் தரக் குழு அதைத் தன் விதிகளுள் சேர்த்துக்கொண்டது. இதன் உத்தி மிக எளிது. வீட்டில் இருப்பது டெக்டாக இருக்க வேண்டியதில்லை. உரிமம் வேண்டாத புளூடூத்தோ வைஃபையோ போதும். கைக்கருவி அவ்வழியே இணையத்தை அடைந்து, செல்பேசி நிறுவனத்தின் வாயிற்கருவி ஒன்றோடு பேசுகிறது. அவ்வாயிற்கருவி, செல்பேசி இணைப்பகத்தின் முன் தன்னை ஒரு சாதாரணக் கோபுரக் கட்டுப்பாட்டு நிலையமாகக் காட்டிக்கொள்கிறது. இணைப்பகமோ, ‘இவர் வேறொரு கோபுரத்தின் கீழ் வந்திருக்கிறார் போலும்’ என்று கருதி, வழக்கமான முறையிலேயே அழைப்பை மாற்றிக் கொடுக்கிறது. வீடு செல்பேசி வரைபடத்தில் இன்னோர் அறையாகிவிட்டது!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜி.எஸ்.எம். முறையில் மாற்ற ஆணையிடுவது வலையமைப்பே என்று முன்னர்ச் சொன்னேன். வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது, அந்த ஆணையை வரவழைப்பது எப்படி? கைக்கருவி தன் வழக்கமான அறிக்கையில், ‘அண்டை அறைகளுள் வீட்டறையே மிக வலுவாகக் கேட்கிறது’ என்று உச்ச மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுகிறது. வலையமைப்பு அதை நம்பி மாற்றுகிறது. குற்றமற்ற நன்மை தரும் பொய் வாய்மையின்பாற் படும் என்று வள்ளுவர் வகுத்த விலக்குக்கு இதைவிடப் புதிய எடுத்துக்காட்டு இருக்குமோ என்று வகுப்பில் சொல்லி நான் சிரித்ததுண்டு. பிரிட்டனில் 2005-இல் ‘ஃப்யூஷன்’ என்னும் சேவையும், அமெரிக்காவில் 2007-இல் டி-மொபைல் நிறுவனத்தின் சேவையும் இம்முறையில் நடந்தன. பேசிக்கொண்டே வாசற்படியைத் தாண்டினர், பேச்சு அறவில்லை.

வேறொரு வழியையும் சிலர் கண்டனர். செல்பேசிக் கோபுரத்தையே சுருக்கிச் சிறு பெட்டியாக்கி வீட்டு இணையக் கம்பியில் மாட்டிவிடுவது. அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் நிறுவனம் 2008-இல் இதை நாடு முழுவதும் விற்றது. கைக்கருவியில் மாற்றம் எதுவும் தேவைப்படாதது இதன் நலம். பெட்டிக்குத் தனிச் செலவு ஆகும் என்பது இதன் குறை.

இன்று நம் கையில் இருப்பது யு.எம்.ஏ.யின் வழித்தோன்றல். நான்காம் தலைமுறைச் செல்பேசியில் குரலும் இணையப் பொட்டலங்களாகவே செல்கிறது. ஆகவே கோபுர வழி, வைஃபை வழி என்ற வேற்றுமை வெறும் பாதை வேற்றுமையாகச் சுருங்கிவிட்டது. வைஃபையில் இருக்கும்போது கைக்கருவி நிறுவனத்தின் வாயில்வரை மறைகுறியிட்ட சுரங்கப் பாதை ஒன்றை அமைத்துக்கொள்கிறது. வெளியே வந்தால் இணைய முகவரியை மாற்றாமலே கோபுரத்துக்குத் தாவுகிறது. இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெளியே நான்காம் தலைமுறை அலை இல்லாமல் பழைய தலைமுறை அலை மட்டும் இருந்தால், தாவ இடமின்றிப் பேச்சு பெரும்பாலும் அறுந்துவிடும். வீட்டுப் பிள்ளையாகிய டெக்டும் அழிந்துபடவில்லை. அதன் புதிய வடிவத்தை 2022-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஐந்தாம் தலைமுறைத் தரங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. தொழிற்சாலைகளிலும் அளவைக் கருவிகளிலும் பேச்சின்றித் தகவல் அனுப்புவது அதன் இன்றைய பணி.

உள்ளறையில் படுத்திருந்த மூதாட்டியை நான் மறக்கவில்லை. இப்போது அவர் படுத்தபடியே அழைக்கலாம், சுவர் தடுக்காது. ஆனால் புதிதாக ஒரு கேள்வி எழுகிறது. கோபுரத்தின் வழியாக அழைத்தால், இன்ன கோபுரத்தின் கீழிருந்து வருகிறது என்பதாவது உடனே தெரியும். வைஃபை வழியாக வரும் அழைப்போ இணையத்தினூடே வருகிறது. இணையத்துக்குத் தெரு ஏது, கதவெண் ஏது? வலியால் பேச்சு குழறும் ஒருவரிடம் முகவரி கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இதனால் அமெரிக்காவில் வைஃபை வழி அழைக்கும் வசதியைத் திறக்கும்போதே, அவசர உதவிக்கான வீட்டு முகவரியைச் சந்தாதாரர் எழுதிப் பதிய வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வீடு மாறினால் அதையும் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால், மருத்துவ வண்டி பழைய வீட்டு வாசலில் வந்து நின்று மணியடிக்கக்கூடும்.